ஐஇஎல்டிஎஸ்ல 6 தான் வந்திருக்கு, பத்து வார ப்ரீ-செஷனல் போகலாமா, மறுபடி எழுதலாமா?

மயிலாடுதுறை பக்கத்துலேர்ந்து ஒருத்தர் கேட்டிருக்காரு. தங்கச்சி பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், அப்புறம் பி.எஸ்சி. தாவரவியல், இப்ப இங்கிலாந்துல எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் படிக்க கண்டிஷனல் ஆஃபர், அதாவது நிபந்தனையோட இடம், கையில இருக்கு. யூனிவர்சிட்டி ஐஇஎல்டிஎஸ்ங்கற இங்கிலீஷ் பரிட்சையில கேக்கறது 6.5, பொண்ணுக்கு வந்தது ஓவரால் 6, அதுலயும் ரைட்டிங் 5.5. எம்.எஸ்சி. தொடங்கறதுக்கு முன்னாடி நடக்கற பத்து வார ப்ரீ-செஷனல் இங்கிலீஷ் கோர்ஸ் படிச்சு பாஸ் பண்ணினா நேரா எம்.எஸ்சி.ல சேரலாம்னு மெயில் வந்திருக்கு. கன்சல்டன்சில "அது தண்ட செலவு, இன்னொரு தடவை எக்ஸாம் எழுதுங்க"ங்கறாங்க, வீட்ல "ஏம்மா, இங்கிலீஷ் கத்துக்கவா அவ்வளவு காசு கட்டி லண்டன் போகணும்"னு கேக்கறாங்க. என்ன பண்றதுன்னு கேள்வி.

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். லோன்ல அந்த ஃபீஸையும் சேர்க்க முடியும்னா ப்ரீ-செஷனலுக்கே அனுப்புங்க. நான் இங்கிலாந்துல சில கோடைக்காலம் இந்த வகுப்புகளை எடுத்திருக்கேன், இப்ப கும்பகோணத்துல உக்காந்து வெளிநாடு போற பிள்ளைங்களுக்கு இதையேதான் சொல்லித் தர்றேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

முதல்ல வீட்ல கேட்ட கேள்விக்கு வர்றேன். ப்ரீ-செஷனல்ங்கறது இங்கிலீஷ் வராதவங்களுக்கு கிராமர் சொல்லித் தர்ற ட்யூஷன் கிடையாது. யூனிவர்சிட்டில எப்படி படிக்கணும், எப்படி எழுதணும், எப்படி ஒரு கருத்தை ஆதாரத்தோட நிறுத்தணும், அதை வகுப்புல எப்படி பேசணும்ங்கறதை இங்கிலீஷ் வழியா பழக்கற கோர்ஸ் அது. 1960கள்ல, 70கள்லயே பிரிட்டன்ல ஆசியா, ஆப்பிரிக்கால இருந்தெல்லாம் மாணவர்கள் நிறைய வர ஆரம்பிச்சப்ப, பாடத்துல கெட்டிக்காரங்களா இருந்தும் அசைன்மெண்ட்ல தடுமாறறாங்கன்னு அங்க உள்ள ஆசிரியர்கள் கவனிச்சாங்க. அவங்க 1972ல சேர்ந்து ஆரம்பிச்ச ஒரு சின்ன குழுதான் 1989ல பாலீப்ங்கற பேரோட பெரிய அமைப்பா ஆச்சு, இன்னைக்கு ப்ரீ-செஷனல் கோர்ஸ்களுக்கு தரச் சான்று குடுக்கறதும் அவங்கதான். உங்க யூனிவர்சிட்டி கோர்ஸ் அந்த சான்று வாங்கினதான்னு ஒரு தடவை பாத்துக்குங்க.

ஐஇஎல்டிஎஸ்ஸை மறுபடி எழுதி 6.5 வாங்கறது முடியாத காரியம் இல்ல. ஆனா அந்த பரிட்சை என்ன கேக்குதுன்னு பாருங்க. ரைட்டிங்ல ரெண்டாவது கேள்வி, 250 வார்த்தை, சுமார் நாப்பது நிமிஷம், உங்க தலையில என்ன இருக்கோ அதை எழுதினா போதும். எங்க படிச்சீங்க, யார் சொன்னாங்க, அது நம்பத்தகுந்ததான்னு யாரும் கேக்க மாட்டாங்க. இங்க பல கோச்சிங் சென்டர்ல ஒரு டெம்ப்ளேட்டை மனப்பாடம் பண்ண வெச்சு நடுவுல தலைப்பை மட்டும் மாத்தி எழுத சொல்றாங்க, அதுல அரை மார்க் ஏறவும் செய்யும். ஆனா செப்டம்பர்ல கோர்ஸ் ஆரம்பிச்சு அஞ்சாறு வாரத்துல மூவாயிரம் வார்த்தை எஸ்ஸே, இருபது ரெஃபரன்ஸோட குடுன்னு சொல்லும்போது அந்த டெம்ப்ளேட் ஒரு பாரா கூட தாங்காது. அப்ப யாரும் நின்னு சொல்லித் தர நேரம் இருக்காது, ஏன்னா எம்.எஸ்சி.யே அங்க ஒரு வருஷம்தான், அதுல மூச்சு விட இடம் கம்மி.

இன்னொண்ணும் சொல்லணும். "எங்க பொண்ணு நல்லா இங்கிலீஷ் பேசுவா சார்"னு பெத்தவங்க சொல்வாங்க, அது பொய்யில்ல. ஆனா பேசற மொழியும் படிப்பு மொழியும் வேற வேற வேகத்துல வளரும். ஜிம் கம்மின்ஸ்னு கனடால ஒரு ஆராய்ச்சியாளர் 1979லயே இதைப் பிரிச்சுக் காட்டினாரு, அப்புறம் வந்த ஆய்வுகள்ல தெரிஞ்சது, அங்க குடியேறின குழந்தைங்களுக்கு பேச்சு சுமார் ரெண்டு வருஷத்துல சரளமாயிடுது, பாடத்துக்கு வேண்டிய மொழி கூடப் படிக்கற பிள்ளைங்க அளவுக்கு வர அஞ்சு வருஷமோ அதுக்கு மேலயோ ஆகுதுன்னு. அவரே சொன்ன இன்னொரு விஷயம் நம்ம தமிழ் மீடியம் பிள்ளைங்களுக்கு ரொம்ப முக்கியம். ஒரு மொழில யோசிச்சு வாதம் பண்ண கத்துக்கிட்டவன் அந்த திறமையை அடுத்த மொழிக்கும் எடுத்துட்டு போவான். அதனால தங்கச்சி தமிழ் மீடியம்னு கூச்சப்பட ஒண்ணுமே இல்ல, நான் பாத்த வரைக்கும் தமிழ்ல ஒழுங்கா கட்டுரை எழுதத் தெரிஞ்ச பிள்ளை, இங்கிலீஷ் மீடியத்துல கைடை மனப்பாடம் பண்ணின பிள்ளையை விட நாலாவது வாரத்துலேயே முந்திடுது.

இப்ப உள்ள என்ன நடக்கும்னு சொல்றேன். வாரத்துக்கு பெரும்பாலும் 15லேர்ந்து 20 மணி நேரம் வகுப்பு, அதே அளவுக்கு வீட்டு வேலை. ஒரு நீள எஸ்ஸே, ஒரு பிரசன்டேஷன், செமினார் பேச்சு, லெக்சர் கேட்டு நோட்ஸ் எடுக்கறது, இதுக்கெல்லாம் மார்க். இதுல எஸ்ஸேதான் உயிர்நாடி, நம்ம பிள்ளைங்க விழறதும் அங்கதான் எழறதும் அங்கதான், அதனால அதைப் பத்தி விலாவாரியா சொல்றேன்.

உதாரணத்துக்கு தங்கச்சி நம்ம ஊரைப் பத்தியே எழுதறான்னு வைங்க. முதல் வாக்கியம் இப்படி வரும்: "மேட்டூர் அணை ஜூன் 12 திறக்காததால் டெல்டா விவசாயம் அழிந்துவிட்டது." நம்ம ஊர்ல இதை யாரும் மறுக்க மாட்டாங்க, டீக்கடையில சொன்னா நாலு பேர் ஆமாம்பாங்க. அங்க ட்யூட்டர் ஓரத்துல கேள்வியா எழுதுவாரு. எந்த வருஷம்? எந்த மாவட்டம்? எந்த நெல் போகம், குறுவையா, சம்பாவா, தாளடியா? போர்வெல் வெச்சிருக்கறவனுக்கும் இதே கதியா? அழிஞ்சதுன்னா பரப்பு குறைஞ்சதா, மகசூல் குறைஞ்சதா? இதை யார் அளந்தாங்க? அதைப் பாத்துட்டு பிள்ளைங்களுக்கு முகம் சுருங்கிடும், நம்மளைத் திட்டறாருன்னு நெனைச்சுக்கும். திட்டு இல்ல அது, அந்தக் கேள்விங்கதான் பாடம். ரெண்டு வாரம் கழிச்சு அதே பொண்ணு இப்படி எழுதுவா: "மேட்டூரில் தண்ணீர் தாமதமாகத் திறக்கப்படும் ஆண்டுகளில், பம்ப்செட் வசதி இல்லாத கடைமடைப் பகுதிகளில் குறுவைப் பரப்பு குறைய வாய்ப்பு அதிகம் என்று இன்னாரின் ஆய்வு காட்டுகிறது, நிலத்தடி நீர் கிடைக்கும் பகுதிகளில் இந்தப் பாதிப்பு அதே அளவில் இருக்கும் என்று சொல்ல முடியாது." பாருங்க, உண்மை கொஞ்சமும் குறையல, அளவா நிக்குது, யாராலயும் லேசுல உடைக்க முடியாது. இந்த "வாய்ப்பு அதிகம்", "காட்டுகிறது" மாதிரி அளந்து சொல்ற பழக்கத்துக்கு அங்க ஹெட்ஜிங்னு பேரு, ஒரு வாரம் முழுக்க அதையே பழக்குவாங்க. நம்ம பிள்ளைங்க முதல்ல இதை தயக்கம்னு நெனைக்கும், அடிச்சு சொன்னாத்தான் தெரிஞ்சவன்னு நம்ம ஊர்ல ஒரு எண்ணம் இருக்குல்ல.

அடுத்தது ஆதாரம் எங்கேர்ந்து எடுக்கறதுன்னு. காவிரித் தண்ணியை கர்நாடகா தமிழ்நாட்டுக்கு வருஷத்துக்கு எவ்வளவு விடணும்னு ஒரு வரி எழுதணும்னா நம்ம பிள்ளை ஏதோ ஒரு வெப்சைட்டைத் தொறந்து நம்பரைத் தூக்கிடும். நடுவர் மன்றம் 2007ல சொன்னது 192 டிஎம்சி, உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரில அதை 177.25 ஆக்கிச்சு, எந்த வருஷத்து எந்த ஆவணம்னு பாக்காம எடுத்தா பழைய கணக்கை எழுதிட்டு வந்து நிக்கணும். தீர்ப்பையே போய்ப் பாரு, சாகுபடி பரப்புக்கு அரசோட பயிர்ப் புள்ளிவிவர அறிக்கையைப் பாரு, காரண காரியத்துக்கு ஆய்வுக் கட்டுரையைப் பாரு, செய்தித்தாளை செய்திக்கு மட்டும் வெச்சுக்கன்னு பிரிச்சுப் பாக்கற கண்ணு அங்கதான் வரும்.

காப்பி விஷயம். இதை நான் கொஞ்சம் மனசு வருத்தத்தோடதான் எழுதறேன். நம்ம ஸ்கூல்ல புக்ல உள்ளதை ஒரு வரி பிசகாம எழுதினாத்தான் முழு மார்க், அஞ்சு மார்க் பத்து மார்க் கேள்வின்னா நோட்ஸ்ல இருக்கறதை அப்படியே இறக்கணும், பன்னெண்டு வருஷம் அதைத்தான் நல்ல மாணவன்னு பாராட்டினோம். அதே பிள்ளை அங்க போய் ஒரு கட்டுரையிலேர்ந்து ரெண்டு வரியை பேர் போடாம எழுதினா ப்ளேஜரிசம்னு கமிட்டி முன்னாடி நிறுத்தறாங்க. திருட்டு புத்தி இல்ல அந்தப் பிள்ளைக்கு, பழக்கம் வேற, அவ்வளவுதான். ப்ரீ-செஷனல்ல இதுக்கு இடம் குடுப்பாங்க, முதல் டிராஃப்ட்ல இப்படி வந்தா கூப்பிட்டு உக்கார வெச்சு, எது உன் வரி, எது அவர் வரி, எங்க பேர் போடணும், எப்படி உன் வாயால திருப்பி சொல்லணும்னு காட்டுவாங்க. எம்.எஸ்சி. ஆரம்பிச்ச அப்புறம் அதே தப்பு நடந்தா மார்க் போகும், பெருசா இருந்தா படிப்பே போகும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் ப்ரீ-செஷனலுக்கு ஓட்டு போடுவேன்.

காப்பியைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தற டர்னிட்டின் சாஃப்ட்வேர்ல எத்தனை பர்சன்ட் வரை ஓகேன்னு எல்லாரும் கேக்கறாங்க. அப்படி ஒரு மந்திர நம்பர் எதுவும் கிடையாது. அந்த சாஃப்ட்வேர் ஒத்துப் போற வரிகளை மட்டும்தான் காட்டும், ஒழுங்கா மேற்கோள் குறி போட்டு எடுத்ததும் அதுல விழலாம், ரெஃபரன்ஸ் லிஸ்ட்டும் விழலாம், 20 வந்தும் சுத்தமா இருக்கலாம், 5 வந்தும் முக்கியமான ஒரு பாரா களவா இருக்கலாம். வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுக் குடுக்கற ஆப், ஏஐல எழுதி வாங்கறது இதெல்லாமும் தங்கச்சிகிட்ட முன்னாடியே பேசிடுங்க, ஒவ்வொரு யூனிவர்சிட்டிக்கும் இதுக்கு தனி விதி இருக்கு, சந்தேகம் வந்தா உக்கார வெச்சு வாய்மொழியா கேள்வி கேப்பாங்க, தான் எழுதாததை விளக்க முடியாம பிள்ளை கலங்கிப் போயிடும்.

இந்த எழுத்து முறைங்கறது அறிவு சம்பந்தப்பட்ட குறையே இல்லன்னு புரிஞ்சுக்க நம்ம கும்பகோணத்துலயே ஒருத்தர் இருக்காரு. சாரங்கபாணி சன்னதித் தெருவுல வளர்ந்த ராமானுஜன். 1904ல இங்க அரசுக் கல்லூரில ஸ்காலர்ஷிப்போட சேர்ந்தாரு, கணக்கைத் தவிர மத்த பாடத்துல கோட்டை விட்டதால அந்த ஸ்காலர்ஷிப் போச்சு. 1911ல முதல் கட்டுரை இந்தியக் கணிதச் சங்கத்தோட இதழ்ல வந்துச்சு, அதுக்கு முன்னாடி எடிட்டர் அதைத் திருப்பித் திருப்பி அனுப்பினாரு, விஷயம் தப்புன்னு இல்ல, சாதாரணமா கணக்கு படிக்கற வாசகனுக்கு புரியற மாதிரி தெளிவா எழுதலைங்கறதுதான் குறை. 1914ல கேம்பிரிட்ஜ் போன அப்புறம் கணித அறிஞர் ஹார்டி கூட உக்காந்து நிரூபணத்தை எப்படி வரிசையா வெக்கணும்ங்கறதையும் சேர்த்துத்தான் பழகினாரு. அவ்வளவு பெரிய மூளைக்கே அந்த சபையோட எழுத்து வழக்கத்தை ஒருத்தர் பக்கத்துல இருந்து காட்ட வேண்டியிருந்துச்சு. அதனால பத்து வாரம் அதுக்கு ஒதுக்கறதுல ஒரு அவமானமும் இல்லன்னு வீட்ல சொல்லுங்க.

ஒரு ஆய்வுக் கட்டுரையோட முன்னுரை எப்படி கட்டியிருக்குன்னு ஜான் ஸ்வேல்ஸ்ங்கறவர் 1990ல வந்த புத்தகத்துல மூணு நகர்வா விளக்கினாரு. முதல்ல இந்த விஷயம் ஏன் முக்கியம், இதுவரை என்ன செஞ்சிருக்காங்கன்னு நிலத்தைக் காட்டணும், அப்புறம் அதுல எந்த இடம் இன்னும் காலியா கெடக்குன்னு காட்டணும், கடைசில அந்த இடத்துல நான் இதைச் செய்யறேன்னு சொல்லணும். எல்லா ப்ரீ-செஷனல்லயும் ஏதோ ஒரு உருவத்துல இது வரும். தங்கச்சி இங்கேயே பழகலாம், நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் நிலத்தடி நீர் உப்பாகறதைப் பத்தி ஆய்வுக் கட்டுரைகள் இலவசமாவே கெடைக்குது, மூணை எடுத்து முன்னுரையை மட்டும் படிச்சு, எந்த வரில நிலம் முடியுது, எந்த வரில காலி இடம் ஆரம்பிக்குதுன்னு பென்சில்ல கோடு போட சொல்லுங்க. ஊர் விஷயம்ங்கறதால பாடம் புரியாம போகாது, அப்ப மொழில மட்டும் கவனம் வெக்கலாம்.

வார்த்தைக்கு ஒரு வழி இருக்கு. ஏவெரில் காக்ஸ்ஹெட்னு நியூசிலாந்துல ஒரு அம்மா 2000ல, எல்லாத் துறைக் கட்டுரைங்கள்லயும் திரும்பத் திரும்ப வர்ற 570 சொல் குடும்பங்களை லிஸ்ட் போட்டாங்க, பாடப் புத்தக எழுத்துல சுமார் பத்துல ஒரு வார்த்தை அதுலேர்ந்து வருதாம். அதை மனப்பாடம் பண்ண வேணாம், கட்டுரையில பாக்கும்போது எந்த வார்த்தையோட ஜோடி சேருதுன்னு ஒரு நோட்ல எழுதி வெச்சா போதும். மான்செஸ்டர் யூனிவர்சிட்டி அகடமிக் ஃப்ரேஸ்பேங்க்னு ஒண்ணு நெட்ல இலவசமா வெச்சிருக்கு, அடுத்தவர் கருத்தை எடுத்துச் சொல்ல, மறுக்க, ஒப்பிட எல்லாத்துக்கும் பொதுவான வாக்கிய அமைப்புகள் அதுல இருக்கு, அது யாரோட சொந்தக் கருத்தும் இல்லங்கறதால எடுத்துக்கலாம்.

செமினார் பத்தி சொல்லணும். எட்டு பத்து பேர் வட்டமா உக்காந்து ஒரு கட்டுரையைப் பத்திப் பேசுவாங்க, நம்ம பிள்ளை பெரியவங்க பேசும்போது குறுக்கப் பேசக் கூடாதுன்னு வளர்ந்தது, பேசாமயே உக்காந்திருக்கும், அங்க அதைப் படிக்காம வந்திருக்குன்னு எடுத்துக்குவாங்க. நம்ம கோயில் திருவிழால கேக்கற பட்டிமன்றம் ஞாபகம் இருக்குல்ல, எதிரணி சொன்னதை முதல்ல ஒழுங்கா எடுத்துச் சொல்லிட்டு அப்புறம் மறுக்கறது, அதுலேர்ந்து கைத்தட்டலைக் கழிச்சுட்டு ஆதாரத்தைக் கூட்டினா செமினார். இதை வகுப்புல சொன்னதும் எங்க பக்கத்துப் பிள்ளைங்க டக்குனு புடிச்சுக்கும். லெக்சரரைப் பேர் சொல்லிக் கூப்பிட சொல்வாங்க, நாக்கு வராது, ஒரு மாசத்துல பழகிடும். ஆனா ஆஃபீஸ் அவர்ஸ்னு அவங்க ஒதுக்கற நேரத்துல போய் சந்தேகம் கேக்கறதை மட்டும் முதல் வாரத்துலேர்ந்தே பழக்கிக்கணும், அங்க போறது தொந்தரவு இல்ல, அதுக்குத்தான் அந்த நேரம்.

லெக்சர் கேக்கறதுக்குப் பயப்பட வேணாம், ஸ்காட்லாந்து, லிவர்பூல் உச்சரிப்பெல்லாம் முதல்ல புரியாது, ரெக்கார்டிங் பெரும்பாலும் கெடைக்கும், காதும் பழகிடும்.

இப்ப காகித வேலை. ரீடேக் வேணும்னே முடிவு பண்ணினா, ரைட்டிங்கை மட்டும் தனியா எழுதற ஒன் ஸ்கில் ரீடேக் வசதி இருக்கு, கம்ப்யூட்டர்ல எழுதினவங்களுக்கு, முதல் பரிட்சை நாள்லேர்ந்து 60 நாளுக்குள்ள. எல்லா யூனிவர்சிட்டியும் அதை ஏத்துக்கறதில்ல, மெயில்ல கேட்டு எழுத்துல பதில் வாங்கிக்குங்க. தங்கச்சிக்கு ஓவரால் 6 தான்ங்கறதால ரைட்டிங் மட்டும் ஏறினா ஓவரால் 6.5 வருமான்னு நாலு மார்க்கையும் கூட்டி நாலால வகுத்துப் பாத்துட்டு பணம் கட்டுங்க.

ப்ரீ-செஷனல்னா மூணு விஷயம் கேக்கணும். ஒண்ணு, தங்கச்சி எழுதினது சாதாரண அகடமிக் ஐஇஎல்டிஎஸ்ஸா, இங்கிலாந்து விசாவுக்குன்னே யூகேவிஐங்கற பேர்ல தனியா புக் பண்ணி எழுதினதா. கேள்வித்தாள் ஒரே மாதிரிதான், ஆனா ப்ரீ-செஷனலுக்கு விசா போடும்போது பல இடத்துல யூகேவிஐ தான் செல்லும். ரெண்டாவது, ப்ரீ-செஷனலுக்கும் எம்.எஸ்சி.க்கும் சேர்த்து ஒரே காஸ், அதாவது விசாவுக்கு யூனிவர்சிட்டி தர்ற சேர்க்கைச் சான்று, தருவாங்களா, இல்ல தனித்தனியா. தனித்தனின்னா நடுவுல இன்னொரு தடவை விசா வேலை, அதுக்கு நாளும் பணமும் ஆகும். மூணாவது, கடைசில என்ன மார்க் வாங்கினா பாஸ், பாஸ் ஆகலைன்னா இடம் அடுத்த வருஷத்துக்கு வெச்சிருப்பாங்களா. பாஸ் ஆகாதவங்களும் உண்டு, வகுப்புக்கு வராம பகுதிநேர வேலை தேடி அலைஞ்சவங்க அதுல அதிகம், இதை மறைக்காம பொண்ணுகிட்ட சொல்லிடுங்க. பாஸ் ஆயிட்டா பெரும்பாலும் மறுபடி ஐஇஎல்டிஎஸ் எழுத சொல்ல மாட்டாங்க.

சில கன்சல்டன்சில பிளஸ் டூ இங்கிலீஷ் மார்க்கை வெச்சே விலக்கு வாங்கித் தர்றோம்பாங்க. சில யூனிவர்சிட்டி ஏத்துக்கும், சட்டப்படி தப்பில்ல. ஆனா அந்த வழியில போற பிள்ளைக்கும் மேல சொன்ன எஸ்ஸே, செமினார் எல்லாம் அப்படியேதான் காத்துக்கிட்டு இருக்கும், ப்ரீ-செஷனல் இல்லாம போனா கோர்ஸ் நடக்கும்போதே யூனிவர்சிட்டி நடத்தற இன்-செஷனல் வகுப்பு பெரும்பாலும் இலவசம், முதல் வாரமே பேர் குடுத்துடணும். நம்ம பிள்ளைங்க நெறைய பேருக்கு அப்படி ஒண்ணு இருக்குன்னே ஜனவரிலதான் தெரியுது.

செப்டம்பர் சேர்க்கைக்கு பத்து வார கோர்ஸ் பெரும்பாலும் ஜூன் கடைசி, ஜூலை ஆரம்பத்துல தொடங்கிடும், அதனால ஏப்ரல், மே மாசத்துக்குள்ள ப்ரீ-செஷனல் ஃபீஸ் தனியா காட்டற லெட்டரை வாங்கி பேங்க்ல குடுத்து, இதையும் கல்விக் கடன்ல சேர்ப்பாங்களா, எப்ப விடுவிப்பாங்கன்னு எழுத்துல கேளுங்க. கையிருப்பா காட்டற பணம் 28 நாள் அக்கவுண்ட்ல குறையாம நிக்கணும், நடுவுல நடவு செலவுக்கு, கல்யாணச் செலவுக்குன்னு எடுத்துட்டா நாள் கணக்கு மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். நாலு மார்க்கும் தனித்தனியா என்ன, எந்த யூனிவர்சிட்டின்னு கீழ எழுதுங்க, ரீடேக் கணக்கு தேறுமான்னு பாத்து சொல்றேன்.